கீல் நகரத்துக் காற்றும் எங்கள் யன்னலும்

1

ஊரிலிருந்து எழுதுகிறவர்கள் ஒரு கேள்வியை மறப்பதில்லை. யார் யார் எந்த நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள், யாருடைய வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம் எழுதி முடித்து, நீலக் கடிதத்தின் ஓரத்தில் கொஞ்சம் இடம் மிஞ்சினால் அதிலே கேட்டிருப்பார்கள்: அங்கே குளிர் எப்படி? பனி கொட்டுகிறதாமே?

நானும் பதில் எழுதியிருக்கிறேன். பஞ்சு மாதிரிப் பனி, கூரையெல்லாம் வெள்ளை, மகள் வதனி பனியில் உருண்டு விளையாடுகிறாள் என்று. குசினிச் சுவரில் மாட்டியிருந்த இலவச நாட்காட்டியின் மார்கழிப் படத்தைப் பார்த்துத்தான் அதை எழுதினேன். அந்தப் படம் தெற்கே மலைப்பக்கத்தில் எடுத்தது. நாங்கள் இருப்பது வடக்கு முனையில், டென்மார்க்குக்குக் கிட்ட, கடல் உள்ளே புகுந்து நிற்கும் கீல் என்ற துறைமுக நகரத்தில். இங்கே பனி வந்தாலும் தங்குவதில்லை. வந்த மறுநாளே சாம்பல் கரைத்த தண்ணீராகி, சப்பாத்துக்குள் ஏறிவிடும்.

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நீங்கள் நினைக்கவேண்டும் என்பதற்காக எழுதிய பொய் அது. இன்று வைகாசி மாதத்துக் காலை. இரண்டு யன்னல்களையும் அகலத் திறந்துவிட்டு, வீட்டுக்குள்ளேயே கோட்டுப் போட்டுக்கொண்டு, மேசைக்கு முன்னால் இருக்கிறேன். கடதாசி பறக்காமல் இருக்க மேலே சீனிப் போத்தலை வைத்திருக்கிறேன். இந்த யன்னல்களைத் திறக்க எனக்கு ஒரு மாரிகாலம் முழுவதும் எடுத்தது. குளிர் எப்படி என்ற கேள்விக்கு இந்த முறை அதைத்தான் பதிலாக எழுதப்போகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

2

இந்த ஊரில் காலநிலை என்றால் காற்றுத்தான். மழையும் குளிரும் அதன் பின்னால் வருகிறவை. மழை இங்கே மேலிருந்து விழுவதில்லை, பக்கத்திலிருந்து வருகிறது. வந்த புதிதில் நான் குடை ஒன்றை விரித்துக்கொண்டு துறைமுகப் பக்கம் நடந்தேன். அது வௌவால் மாதிரி உள்பக்கம் வெளியே திரும்பிப் போய்விட்டது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர்களில் ஒருவரிடமும் குடை இல்லை. தலையில் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு தண்ணீருக்குள் நிற்கும் மாடுகள் மாதிரிப் பேசாமல் நின்றார்கள்.

கார்த்திகையில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும்போது இருட்டு. பின்னேரத் தேத்தண்ணீர் குடிக்கும்போது மறுபடியும் இருட்டு. ஆனி மாதம் வந்தால் இதற்கு நேர்மாறு. படுக்கப் போகும் நேரத்திலும் வெளியே வெளிச்சம் நிற்கும். சூரியன் போக மனமில்லாத விருந்தாளி மாதிரிக் கடலுக்கு மேலே உட்கார்ந்திருக்கும்.

வதனியின் அப்பாவுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை யாரும் வேலை செய்யக்கூடாது என்பது சட்டம். கொழும்பில் வங்கியில் இருந்த மனிதர். இங்கே அவருக்கு இருப்பது ஒரு பழைய வானொலிப் பெட்டி மட்டும். அதில் மீன்பிடிப் படகுகளுக்கும் கப்பல்களுக்கும் சொல்லும் காலநிலை அறிக்கையைத் தவறாமல் கேட்பார். அறிவிப்பாளர் மிக மெதுவாகச் சொல்லுவார், அதனால் விளங்கும். அப்படியே அவர் ஜேர்மன் படித்தார். இன்றைக்கும் அவருக்குப் பாண் கடையில் அரைவாசிப் பாண் கேட்கத் தெரியாது. ஆனால் "வடமேற்குக் காற்று, பலம் ஏழு, பின்னர் மேற்குக்குத் திரும்பும், கடல் கொந்தளிக்கும்" என்று ஒரு பிழையில்லாமல் சொல்லுவார்.

"அப்பா கப்பலுக்குத்தான் போகவேணும்," என்று வதனி பகிடி பண்ணுவாள்.

"கப்பல் வேண்டாம் பிள்ளை, வந்த பயணமே காணும்," என்பார் அவர்.

நாங்கள் வந்தது கிழக்கு பேர்லின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து ரயிலேறி மேற்குப் பக்கம். அப்போது மூன்று பேருக்கும் காலில் ரப்பர்ச் செருப்பு. எங்களுக்கு முதல் கோட்டுகளைத் தந்தது ஒரு தேவாலயம். எனக்குக் கிடைத்தது யாரோ ஒரு பெரிய பெண்மணியின் பச்சைக் கோட்டு. அதன் பைக்குள் பாதி தின்ற இருமல் இனிப்பு ஒன்று ஒட்டியிருந்தது. அதை எறிந்துவிட்டுக் கோட்டைப் போட்டேன். அந்த மனுஷி வீதியில் என்னைக் கண்டு, இது என்னுடைய கோட்டல்லவா என்று நினைப்பாளோ என்று இரண்டு மாரிக்கும் பயந்திருக்கிறேன். பச்சைக் கோட்டு என்பதால் தூரத்திலேயே தெரியும்.

3

முதலில் அகதிகளின் பொது வீடு. பிறகு நகரசபை எங்களுக்கு மூன்றாம் மாடியில் இரண்டு அறை தந்தது. அப்போது பொது வீட்டில் பக்கத்து அறையில் இருந்த மன்னார் மேரி அக்கா வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு முதலில் சொன்னது இதுதான்:

"தங்கச்சி, யன்னல் இடுக்கு முழுக்க ஒட்டிப்போடு. ஊசி போற இடைவெளி இருந்தாலும் குளிர் வந்து நெஞ்சில ஏறிடும். பிறகு பிள்ளைக்குச் சளி."

நான் அவவைவிட ஒரு படி மேலே போனேன். பழுப்பு நிறப் பொதிநாடாவால் யன்னல் சட்டங்களைச் சுற்றி ஒட்டினேன். கீழ் இடுக்கில் பழைய சேலைக் கிழிசலை முறுக்கி வைத்து அடைத்தேன். குளியலறையில் காற்றுப் போக ஒரு சிறு கம்பித் துவாரம் இருந்தது. அதற்குள் கடதாசியைத் திணித்தேன். சோறும் கறியும் மூடின வீட்டுக்குள்ளேதான் கொதித்தன. துவைத்த உடுப்பு சூடேற்றியின் மேலே காய்ந்தது. இரண்டு நாளில் வீடு எப்படியாகிவிட்டது தெரியுமா? கொழும்பில் மழைக்கு முந்தின நாள் இருக்குமே, உடம்பெல்லாம் ஒட்டுகிற ஈரச் சூடு, அது வந்துவிட்டது. மூன்று பேரும் மெல்லிய சட்டையோடு இருந்தோம். நான் மிகவும் சந்தோஷப்பட்டேன். குளிர்ந்த கடலுக்குப் பக்கத்தில், மூன்றாம் மாடியில், எங்களுக்கென்று ஒரு சொந்தக் காலநிலை.

காலையில் கண்ணாடி முழுவதும் தண்ணீர் வழிந்திருக்கும். துவாயால் துடைத்துப் பிழிவேன். ஆவி குளிர்ந்த பரப்பில் பட்டால் நீராகும் என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஐஸ் போட்ட கிளாஸை மேசையில் வைத்துக் காட்டிப் படிப்பித்தவள் நான். விஞ்ஞான ரீச்சர். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, துடைக்காத இடத்தில் அது என்ன செய்யும் என்று ஒரு நாளாவது யோசித்தேனா? இல்லை. கை துடைத்தது, மூளை படுத்திருந்தது.

எங்களுக்கு நேர் கீழே தனியாக இருந்தவ திருமதி பேட்டர்சன். எழுபது வயதிருக்கும். அப்போது எனக்கு அவவின் பெயர்கூடத் தெரியாது; எங்கள் வீட்டில் அவவுக்கு "கீழ்வீட்டு மனிசி" என்றுதான் பெயர். மனிசி விடிந்ததும் மாடிப்படி யன்னலை அகலத் திறந்துவிடுவா. வெளியே தண்ணீர் உறைந்துகிடந்தாலும் திறப்பா. நான் இறங்கிப் போய்ச் சாத்துவேன். மேலே வந்து தேத்தண்ணீர் ஊற்றுவதற்குள் மறுபடியும் திறந்திருக்கும். ஒரு நாள் யன்னல் பிடியை நூல் கயிற்றால் கட்டிவிட்டேன். பின்னேரம் பார்த்தால், கயிறு வெட்டப்பட்டு, ஒழுங்காகச் சுருட்டப்பட்டு, எங்கள் கதவுப் பிடியில் தொங்கியது.

"பாத்தீங்களோ? எங்களைக் குளிரில சாகடிச்சுத் துரத்தப் பாக்கிறா," என்றேன் இவரிடம்.

"கயிறைத் திருப்பித் தந்திட்டாதானே," என்றார் இவர் வானொலியில் இருந்து காதை எடுக்காமல். "துரத்திற ஆள் கயிறைச் சுருட்டித் தருமோ?"

"உங்களுக்கு எல்லாம் பகிடி. வதனி, நீ இனி உவவுக்கு வணக்கம் சொல்லக்கூடாது."

"ஏனம்மா? அவ எனக்குச் சொல்லுறா."

"சொல்லட்டும். நீ சொல்லாதை."

ஒன்பது வயதுப் பிள்ளையிடம் அதைச் சொன்னேன். கீழே இறங்கும்போது அவள் வணக்கம் சொல்லும் சத்தம் கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குக் கேட்டது. கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில், அவள் என் சொல்லைக் கேட்கவில்லை என்பதைவிட, அவளுடைய ஜேர்மன் எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதுதான் குத்தியது.

4

தை மாதத்தில் வதனியின் வகுப்பு ஆசிரியை எங்களை அழைத்து, பிள்ளை ஓடும்போது மூச்சு இழுக்கிறது, வைத்தியரிடம் காட்டுங்கள் என்றார். நான் நம்பவில்லை. வீட்டில் அவள் இருமுவதேயில்லை. ஒரே அறையில் என் பக்கத்தில் படுக்கிறவள். எனக்குத் தெரியாத இருமல் எங்கிருந்து வரும்?

வைத்தியர் வயதானவர். வதனியின் முதுகில் குழாயை வைத்துக் கேட்டார், இடம் மாற்றி மாற்றிக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து ஏதோ கேட்டார்.

வதனிதான் எங்களுக்கு மொழிபெயர்ப்பு. "அம்மா, நாங்கள் படுக்கிற அறை யன்னல் ஒரு நாளைக்கு எத்தினை தரம் திறக்கிறது எண்டு கேக்கிறார்."

நான் நிமிர்ந்து இருந்தேன். "ஒருநாளும் திறக்கிறேல்லை, இடுக்குக்கூட இல்லாமல் அடைச்சு, பிள்ளையை வலு கவனமாய் வச்சிருக்கிறம் எண்டு சொல்லு."

அவள் சொன்னாள். வைத்தியர் பேனையை மேசையில் வைத்தார்.

அந்த நேரத்தில் அவளுக்கு இருமல் வந்தது. வந்ததை நான் கேட்கவில்லை. அவளுடைய தோள் குலுங்கியதைத்தான் கண்டேன். என் வலது கை தானாக எழும்பி அவளுடைய வாயைப் பொத்தியது. அவளும் அதற்குப் பழகியவள் மாதிரி, தலையை என் உள்ளங்கைக்குள் சரித்துக் கொடுத்தாள். இரண்டு பேருக்கும் இது புதிதாகத் தெரியவில்லை. ஒருவர் தும்மினால் மற்றவர் கைக்குட்டை கொடுப்பது போலத்தான் இருந்தது.

வைத்தியர் எழும்பி வந்தார். என் மணிக்கட்டை மெல்லப் பிடித்து, கையை எடுத்து, என் மடியில் வைத்தார். குனிந்து வதனியிடம், இருமு என்றார். அவள் மூச்சை மட்டும் விட்டாள். இன்னும் பலமாக என்றார். அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

அனுமதி கேட்கிற பார்வை அது. அந்த அறையில் கதிரைக்குக் கீழே போய் ஒளிக்க இடம் இருந்திருந்தால் ஒளித்திருப்பேன்.

5

எண்பத்து மூன்று ஆடியில், கொழும்பில் தமிழரின் வீடுகளை எரித்த நாட்களில், எங்களை ஒரு சிங்களக் குடும்பம் ஒளித்து வைத்திருந்தது. அவர்களுடைய வீட்டின் பின்பக்கத்துச் சாமான் அறை. ஒரே ஒரு யன்னல், அதுவும் மரக்கதவு போட்டுச் சாத்தி, உள்ளே சாக்குத் தொங்கவிட்டு. வெளியே வீதியில் நின்றவர்களின் பேச்சு ஒரு சுவர் தள்ளிக் கேட்டது. எரிகிற மணம் சாக்குக்குள்ளாலும் வந்தது. வதனிக்கு ஐந்து வயது. புகைக்கு அவளுக்கு இருமல். நான் அவளுடைய வாயைப் பொத்திக்கொண்டே இருந்தேன். கை உளைந்தால் மற்றக் கை. "இருமாதை குஞ்சு, இருமாதை, சத்தம் போடாதை" என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒருமுறை அவளுடைய கண் செருகியதைக் கண்டு கையை எடுத்தேன். அப்போதும் அவள் இருமவில்லை.

அந்த யன்னல் சாத்தியிருந்ததால்தான் மூன்று பேரும் உயிரோடு வந்தோம். இதை நான் யாருக்கும் விளக்கமாகச் சொன்னதில்லை. அகதி விசாரணையில்கூட, அதிகாரிக்கு அவசரம், "அயலவர் வீட்டில் தங்கினோம்" என்று ஒரு வரியில் முடிந்துவிட்டது. மேரி அக்கா ஒட்டச் சொன்னது குளிருக்கு. நான் நாடாவைக் கிழித்துக் கிழித்து ஒட்டியது எதற்கு என்று எனக்கே தெரியாது. வைத்தியரின் அறையிலிருந்து வீட்டுக்கு வரும் பஸ்ஸில்தான் தெரிந்தது.

அன்றிரவு நான் நித்திரை கொள்ளாமல் வதனியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அவளுக்கு இருமல் வந்தது. தலையணையை இரண்டு கையாலும் இழுத்து முகத்தில் அழுத்திக்கொண்டாள். கட்டில்தான் அசைந்தது. ஒரு சத்தம் இல்லை. முடிந்ததும் தலையணையைத் திருப்பிப் போட்டுவிட்டுப் படுத்தாள். முழு நித்திரையில்.

என் பிள்ளை சத்தமில்லாமல் இருமப் பழகியிருந்தாள். நான் பழக்கியது. நாடு மாறி, மொழி மாறி, அவளுக்கு என்னைவிடப் புத்திசாலித்தனமான ஒரு வாய் வந்த பிறகும், அந்தப் பாடத்தை அவள் மறக்கவில்லை. நான் பக்கத்தில் படுத்திருந்து, பிள்ளை சுகமாக இருக்கிறாள் என்று உங்களுக்கெல்லாம் எழுதிக்கொண்டிருந்தேன்.

6

வைத்தியர் இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். வீட்டைக் காயவைக்க வேண்டும். நெஞ்சு சரிவராவிட்டால், பிள்ளையை மேற்குப் பக்கத்து வடகடலில் ஒரு தீவுக்கு அனுப்பவேண்டும். சளி பிடித்த பிள்ளைகளை இங்கே மருந்தோடு காற்றுக்கும் அனுப்புகிறார்கள். ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம். தாய் தகப்பன் கூடப் போக முடியாது. உயிர்த்த ஞாயிறு கழிந்ததும் கொண்டுவந்து காட்டுங்கள் என்றார்.

ஆறு கிழமை, நான் இல்லாமல், கடலுக்கு நடுவில். சாமான் அறைக்குப் பிறகு நான் அவளை ஓர் இரவுகூடப் பிரிந்ததில்லை.

எப்படித் திறப்பது, எவ்வளவு நேரம் திறப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. நான் நாடாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வதனி கீழே இறங்கிப் போனாள். திரும்பி வரும்போது பின்னால் கீழ்வீட்டு மனிசி, கையில் வாளி, வினாகிரிப் போத்தல், தேய்க்கிற தூரிகை. எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கயிறு கட்டின கை இது.

அவ நேரே படுக்கையறைக்குப் போய், அலுமாரியைப் பிடித்து இழு என்று இவருக்குச் சைகை காட்டினா. இவர் இழுத்தார். பின்சுவர் கீழிருந்து இடுப்புயரம் வரை கறுப்பு. வெல்வெட் துணி ஒட்டியது மாதிரி. அதற்கு இந்தப் பக்கம், ஒரு பலகை தள்ளி, வதனியின் தலைமாடு.

அவ சத்தமாக ஏதோ சொன்னா.

"என்னவாம்?"

வதனி தயங்கினாள். "பூஞ்சணம் அம்மா. பிறகு... பண்டி மாதிரி ஊத்தை வேலை எண்டு சொல்லுறா. தன்ர கூரையிலயும் ஈரம் வந்திட்டுதாம், நாங்கள் எல்லாத்தையும் அடைச்சு வச்சிருக்கிறதாலயாம். தான் சொல்ல வந்தால் நீங்கள் கதவு திறக்கிறேல்லையாம்."

அவ சொன்னது அத்தனையும் உண்மை. கதவு தட்டினால் நான் மூச்சுக்கூட விடாமல் நிற்பேன்.

அவ நாடாவைப் பிடித்து ஒரே இழுவையில் கிழித்தா. யன்னல் திறந்தது. மாசி மாதத்துக் காற்று உள்ளே வந்து திரைச்சீலையைத் தூக்கி எறிந்தது. நான் ஓடிப்போய்ச் சாத்தினேன். அவ திறந்தா. நான் மறுபடியும் சாத்தினேன். இரண்டு பெண்கள் ஒரு யன்னலுக்குச் சண்டை பிடிக்கிறார்கள் என்று வீதியிலிருந்து பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். கடைசியில் நான் யன்னலுக்கு முதுகைக் கொடுத்து வாசல் கதவையே பார்த்துக்கொண்டு நின்றதை அவ கண்டுவிட்டா. கண்டதும் குரல் இறங்கியது. என்னைக் கதிரையில் இருத்தி, கட்டிலில் கிடந்த பச்சைக் கோட்டை எடுத்துத் தோளில் போட்டா. கதவுப் பக்கம் காட்டி வதனியிடம் சொன்னா.

"அம்மா, வாசல் பூட்டியிருக்கு பாருங்கோ எண்டு சொல்லுறா. யன்னல் மூண்டாம் மாடியாம். ஆரும் ஏறி வர ஏலாதாம்."

யாராவது வருவார்கள் என்று பயப்படுகிறேன் என்று நான் அவவிடம் சொல்லவில்லை. வதனியைப் பார்த்தேன். அவள் சுவரைத் தேய்க்கத் தொடங்கியிருந்தாள்.

அதற்குப் பிறகு விடிந்ததும் ஒருமுறை, படுக்க முதல் ஒருமுறை. முதலில் இவர் திறப்பார், நான் குளியலறைக்குள் போய் நிற்பேன். பிறகு நான் அறையில் நிற்கப் பழகினேன். பிறகு திறக்க.

"வடமேற்கு, பலம் ஆறு," என்பார் இவர் பல்லுக் கிட்டிக்க, என் பெயரையும் அறிக்கையில் சேர்த்து. "பின்னர் மேற்குக்குத் திரும்பி, ராணியின் மூக்குக்குள் புகும்."

சுவர் மெல்ல மெல்லக் காய்ந்தது. நான் ஒவ்வொரு நாளும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சுவர் காய்ந்தால் அவள் தீவுக்குப் போகவேண்டியதில்லை. பிள்ளையின் நெஞ்சுக்காகத் திறக்கிறேன் என்றுதான் எல்லோருக்கும் சொன்னேன். உண்மை என்னவென்றால், அவள் என்னைவிட்டுப் போகக்கூடாது என்பதற்காகத் திறந்தேன். இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்தேன்.

7

உயிர்த்த ஞாயிறு கழிந்து போனோம். வைத்தியர் குழாயை வைத்துக் கேட்டார். முகம் மலர்ந்தது. வதனியோடு நெடுநேரம் பேசினார். அவர் எனக்காக மெதுவாகப் பேசினார் என்று நினைக்கிறேன். அல்லது ஒரு மாரி முழுவதும் திருமதி பேட்டர்சனோடு சண்டை பிடித்ததில் என் காதும் கொஞ்சம் திறந்திருக்கவேண்டும். எனக்கு விளங்கியது. நெஞ்சு தெளிந்து வருகிறது. தீவு இனிக் கட்டாயமில்லை. ஆனால் போனால் மிகவும் நல்லது, முழுதாகச் சுகமாகும். ஓர் இடம் இருக்கிறது. உனக்கு விருப்பமா?

வதனி காலை ஆட்டிக்கொண்டு இருந்தாள். ஜேர்மனில் சொன்னாள்:

"எனக்கு விருப்பம். ஆனால் என்னால் போக முடியாது. நான் இல்லாவிட்டால் அம்மா திரும்ப யன்னலைப் பூட்டிவிடுவா. அவவுக்குப் பயம்."

பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள்: "சுகமாம் அம்மா. ஒரு இடமும் போகத் தேவையில்லையாம். வாங்கோ, போவம்."

நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. இவ்வளவு காலமும் அவளை நான் காவல் காத்தேன் என்று நினைத்திருந்தேன். பள்ளிக்கூட வாசலில் நின்றது, தேவாலயத்துச் சுற்றுலாவுக்கு விடாமல் பிடித்தது, கையை வாயில் வைத்தது எல்லாம் காவல் என்று. இந்தச் சின்ன உடம்பு என்னைக் காவல் காத்துக்கொண்டிருந்தது. அதற்காகப் பொய்யும் சொல்லப் பழகியிருந்தது. அதுவும் கண்ணைச் சிமிட்டாமல், எனக்கு நோகாமல். கடிதத்தில் பஞ்சுப் பனி எழுதியவளுடைய மகள்தானே.

வைத்தியர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் ஜேர்மனில் வினைச்சொல் எப்போதும் பிழையான இடத்தில் விழும். இருந்தும் சொன்னேன். அவள் போகிறாள். நான் யன்னல் திறப்பேன். ஒவ்வொரு நாளும் நான் திறப்பேன்.

வதனியின் கால் ஆடுவது நின்றது. அவளுடைய முகம் சிவந்தது. நான் விளங்கிக்கொண்டேன் என்பது அவளுக்கு விளங்கிவிட்டது. பஸ்ஸில் வரும்போது வெளியே பார்த்துக்கொண்டு கேட்டாள்:

"எப்பயிருந்து உங்களுக்கு ஜேர்மன் விளங்குது?"

"இண்டைக்குத்தான்."

"இனி நான் கவனமாய் இருக்கவேணும்," என்றாள். சிரிக்கிறாளா என்று பார்த்தேன். சிரித்தாள்.

8

எங்களைப் போன்றவர்கள் மாவட்ட எல்லை தாண்ட வெளிநாட்டவர் அலுவலகத்தில் அனுமதி எடுக்கவேண்டும். பிள்ளைக்கும் அதே சட்டம். வரிசையில் நின்று, பிறகு ஒரு மேசைக்கு முன்னால் இருந்தோம். அதிகாரி எழுதத் தயாராகி, பயணத்தின் காரணம் என்ன என்று கேட்டார். வைத்தியரின் தாள் முன்னால் கிடக்கிறது. இருந்தாலும் கேட்கவேண்டும் போலும். வதனி பள்ளிக்கூடத்தில். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே சொல்லைச் சொன்னார்: "காற்று."

அதிகாரி தலையை நிமிர்த்திப் பார்த்தார். பிறகு முத்திரையைக் குத்தினார்.

பிள்ளைகளை ஏற்றிப்போக வந்த பஸ்ஸில் அவள் ஏறும்போது நான் அழவில்லை. நான் அழுதால் அவள் இறங்கிவிடுவாள் என்று தெரியும். பக்கத்தில் நின்ற ஜேர்மன் தாய் ஒருத்தி விம்மி விம்மி அழுதாள். எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது.

தீவிலிருந்து பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் பேசலாம். எங்களிடம் தொலைபேசி இல்லை; திருமதி பேட்டர்சன் வீட்டுக்குத்தான் வரும். போன ஞாயிறு நாங்கள் இரண்டு பேரும் கோயிலுக்குப் போகிற உடுப்போடு அவவின் சோபாவின் நுனியில் இருந்தோம். அவவின் கூரையில் ஈரம் படர்ந்த வட்டம் இன்னும் மஞ்சளாகத் தெரிகிறது. வெள்ளை அடிக்க நாங்கள் வருகிறோம் என்று இவர் கையால் காட்டிச் சொல்லியிருக்கிறார். நான் அந்த வட்டத்தைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன். மணி அடித்தது.

"அம்மா! யன்னல் திறந்தனீங்களோ?"

முதல் கேள்வியே அது.

"ஓம் பிள்ளை. இப்பவும் திறந்துதான் கிடக்கு."

"உண்மையாவோ?"

"உண்மையா. கீழ்வீட்டு... பேட்டர்சன் அம்மாவைக் கேட்டுப் பார்."

"அப்பா என்ன செய்யிறார்?"

"உங்க தீவுப் பக்கத்துக் காத்து எத்தினை பலம் எண்டு விடியவே வானொலியில கேட்டுப்போட்டு வந்து பக்கத்தில இருக்கிறார்."

"எட்டு எண்டு சொல்லுங்கோ! எங்களைக் கடக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கத்தச் சொல்லுறவை அம்மா. காத்துக்கு எதிரா. ஆர் வலுவாக் கத்திறது எண்டு போட்டி. நான்தான் ரண்டாவது."

அவள் குரல் மாறியிருந்தது. உயர்ந்திருந்தது. காது நோகிற அளவு சத்தம். பிறகு, பேசிக்கொண்டிருக்கும்போதே, இருமினாள். தலையணை இல்லாமல், கை இல்லாமல், ஒரு கடல் தள்ளி, திறந்த இருமல். கம்பிக்குள்ளால் வந்து என் காதில் அடித்தது.

என் கை எழும்பியது. எழும்பி, தொலைபேசியின் வாயை இறுக்கிப் பொத்தியது. எதைப் பொத்துகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. திருமதி பேட்டர்சன் பார்த்துக்கொண்டிருந்தா. இவரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா? அம்மா, நிக்கிறீங்களோ? நான் இருமினது கேட்டதோ?"

விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தேன்.

"கேட்டது பிள்ளை," என்றேன். "இன்னும் பலமா இருமு."